பேக்கரி போர்டுக்கு பிரஷ் ஸ்கிரிப்ட் ஃபான்ட்: தமிழில் எது சரிப்படும்?

பாலாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அண்ணி காட்பாடியில், சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம், பேக்கரி திறக்கப் போகிறார். போர்டு பத்தடிக்கு மூன்றடி. கடைப் பெயரை பிரஷ்ஷால் சரசரவென்று எழுதினாற்போல் வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். ஆங்கிலத்துக்குப் பஞ்சமே இல்லை. பிரஷ் ஸ்கிரிப்ட், பசிஃபிகோ, லாப்ஸ்டர், கௌஷன் ஸ்கிரிப்ட் என்று நிறைய கிடைக்கிறது. தமிழில் அதே துள்ளலோடு ஒன்று வேண்டும். போர்டு மட்டுமில்லை, கேக் பெட்டி, விலைச்சீட்டு, இன்ஸ்டாகிராம் படம் எல்லாவற்றிலும் இதே எழுத்து வர வேண்டுமாம். எந்த ஃபான்ட், எந்த இடத்துக்கு, எந்த அளவுக்கு என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோட்டை டிடிபி எழுதியது:

வேலூரில் ஃப்ளெக்ஸ், ஸ்டிக்கர் வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வியோடு மாதத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள்.

முதலில் ஆங்கிலம். பிரஷ் ஸ்கிரிப்ட் ஆபீஸ் மென்பொருளோடு சேர்ந்தே வந்ததால் அதைப் போடாத கடை இல்லை. உங்கள் போர்டில் அது வந்தால் பக்கத்து ஜெராக்ஸ் கடை போர்டு மாதிரியே இருக்கும். பசிஃபிகோவும் லாப்ஸ்டரும் இப்போது அதே கதிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பேக்கரி, காபிக் கடை, ஐஸ்கிரீம் கடை எங்கே திரும்பினாலும் அவைதான். கௌஷன் ஸ்கிரிப்டில் பிரஷ் ஓரம் கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரியும். அது அவ்வளவாக அடிபடவில்லை.

எதை எடுத்தாலும் முழுக்கப் பெரிய எழுத்தில் (கேப்பிட்டலில்) அடிக்காதீர்கள். இந்த ஃபான்ட்களில் பெரிய எழுத்து சொல்லின் முதலில் தனியாக நிற்பதற்காக வரைந்தது. வரிசையாக நிற்க வைத்தால் ஒன்றோடொன்று முட்டும், படிக்க வராது. எழுத்து இடைவெளியையும் கூட்டாதீர்கள். சேர்ந்து ஓட வேண்டிய எழுத்தை இழுத்துப் பிரித்தால் கோடு பாதியில் அறுந்து தொங்கும்.

தமிழுக்குக் கவிவாணர் பாருங்கள். தாரிக் அசீஸ் வடிவமைத்தது, சாய்ந்த கையெழுத்துப் பாணி, கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். ஆனால் கோடு மெலிசு. பெட்டிக்கும் படத்துக்கும் அழகாக இருக்கும், போர்டுக்கு எடுபடாது. நிறைய பேர் சாதாரணத் தமிழ் ஃபான்டைக் கோரல்டிரா என்கிற டிசைன் மென்பொருளில் சாய்த்துவிட்டு பிரஷ் எழுத்து என்று ஓட்டிவிடுகிறார்கள். சாய்த்தால் சுழிகள் நசுங்கும், வளைகோடு ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலியும். பார்க்கிற ஆளுக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ உறுத்தும்.

அச்சு மோகன வீதி எழுதியது:

அந்த ஆங்கில எழுத்துகள் ஏன் அப்படி ஓடுகின்றன என்பதைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வரலாம். இல்லாவிட்டால் தமிழில் இல்லாததைத் தேடிக்கொண்டே இருப்போம்.

பிரஷ் ஸ்கிரிப்ட் 1942இல் வந்தது. ராபர்ட் ஸ்மித் என்பவர் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக வரைந்தார். அப்போது அது ஈய எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி உலோகக் கட்டை. அதை வரிசையில் அடுக்கும்போது ஒரு கட்டையின் வால் அடுத்த கட்டையின் தொடக்கத்தோடு இம்மி பிசகாமல் பொருந்தினால்தான் கை எடுக்காமல் எழுதிய மாதிரி தெரியும். அதற்காக எல்லாச் சிற்றெழுத்தும் ஒரே உயரத்தில் முடிந்து ஒரே உயரத்தில் தொடங்கும்படி கட்டுப்படுத்தினார்கள். விளம்பரக்காரர்களுக்கு அது வரப்பிரசாதமானது. எழுத்துக் கலைஞரைக் கூப்பிடாமலே கையால் எழுதிய தோற்றம் கிடைத்தது.

பிரான்சில் ரோஜே எக்ஸ்கோஃபான் 1953இல் மிஸ்ட்ரால் கொண்டு வந்தார். அவருடைய சொந்தக் கையெழுத்தை ஒட்டி வரைந்தது. எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழும் ஏறி இறங்கும், ஆனாலும் எந்த எழுத்துக்கு அடுத்து எது வந்தாலும் சேரும். ஈயக் கட்டையில் அதைச் சாதித்ததை நினைத்தால் இன்றைக்கும் பிரமிப்பாக இருக்கிறது. 2010இல் வந்த லாப்ஸ்டர் வேறு வழியில் போனது. பாப்லோ இம்பலாரி ஒரே எழுத்துக்குப் பல வடிவம், ஜோடி எழுத்துகளுக்குத் தனி வடிவம் என்று வரைந்து வைத்தார். பக்கத்தில் என்ன எழுத்து வருகிறதோ அதைப் பார்த்து ஃபான்டே பொருத்தமான வடிவத்தை எடுத்துக்கொள்ளும்.

இதெல்லாம் சேர்ந்து ஓடுகிற எழுத்துக்கான சங்கதி. தமிழ் எழுத்து சேர்ந்து ஓடாது. இந்தி, வங்காள எழுத்துகளுக்குத் தலைக்கோடாவது இருக்கிறது, பிரஷ் அதில் வழுக்கிக்கொண்டு போகும். நமக்கு அதுவும் கிடையாது. அதனால் தமிழில் துள்ளல் வர வேண்டுமென்றால் இணைப்பில் தேடக்கூடாது. கோடு அழுந்தித் தடிப்பதிலும் மெலிவதிலும், எழுத்துகள் லேசாக ஏறி இறங்குவதிலும்தான் அது வரும். ஆங்கில ஃபான்டின் வாலை வெட்டித் தமிழ் எழுத்தில் ஒட்டினால் அந்தத் துள்ளல் வந்துவிடாது.

குடியாத்தம் எழுத்துக்காரன் எழுதியது:

மேலே தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்பிருந்து போர்டு எழுதுகிறேன். லாரி, சுவர், கடை ஷட்டர், கெங்கையம்மன் சிரசுத் திருவிழாப் பந்தல் எல்லாம் எழுதியிருக்கிறேன். பிரஷ் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், ஃபான்ட் நல்லதா கெட்டதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

எனாமல் பெயிண்டில் தோய்த்த பிரஷ்ஷை இழுக்கலாம், தள்ள முடியாது. கீழிருந்து மேலே தள்ளினால் முடி பிரிந்து கோடு இரண்டாகும். 'ப' எழுதும்போது பேனா என்றால் இடது கோடு இறங்கி, அடிக்கோடு போய், வலது பக்கம் அப்படியே ஏறிவிடும். பிரஷ்ஷில் அப்படி வராது. இடது கோட்டை இறக்கி அடிக்கோட்டை வலது பக்கம் இழுத்துவிட்டு, பிரஷ்ஷை எடுத்து, வலது கோட்டை மேலிருந்து தனியாக இறக்கி மூலையில் சேர்ப்போம். அதனால் வலது கோட்டின் தலை தடிமனாக இருக்கும், மூலையில் ஒரு சின்ன முட்டு தெரியும். அதுதான் உயிர். 'ம', 'ய' இரண்டிலும் இந்த மூலையைப் பாருங்கள். மூலை மொழுமொழுவென்று ஒரே தடிமனில் திரும்பினால் அது மார்க்கர் பேனா எழுத்து, பிரஷ் எழுத்து இல்லை.

அடுத்தது ரகரம். வேகமாக எழுதுகிற ஸ்டைல் என்று சொல்லி 'ர'வின் அடியில் இருக்கிற சாய்ந்த வெட்டை விட்டுவிடுகிறார்கள். விட்டால் அது துணைக்கால் ஆகிவிடும். பேக்கரி என்பதிலேயே 'ரி' இருக்கிறது, அந்த வெட்டு இல்லாவிட்டால் என்ன எழுத்தென்றே தெரியாது. மூன்று சுழி 'ண', இரண்டு சுழி 'ன' இரண்டும் தடித்த பிரஷ்ஷில் அடைத்துக்கொள்ளும். சுழியை எண்ண முடியாவிட்டால் அந்த ஃபான்டை ஓரமாக வைத்துவிடுங்கள். புள்ளியும் அப்படித்தான். பிரஷ்ஷை வைத்து லேசாக இழுத்த சாய்ந்த புள்ளி நல்லா இருக்கும், ஆனால் நீட்டிவிட்டால் 'கி'யில் வருகிற மேல் விலங்கு மாதிரி ஆகிவிடும்.

போர்டுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கடைப் பெயர் நாலைந்து எழுத்து. அதற்கு ஃபான்ட் எதற்கு? கையால் எழுதி வாங்குங்கள்.

சத்துவாச்சாரி மலர் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் டிசைன் படிக்கிற மாணவி. உங்கள் பதிவைப் படித்துவிட்டு என்னிடம் இருக்கிற தமிழ் கையெழுத்து ஃபான்ட் எல்லாவற்றிலும் 'ப'வைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் மூலையே இல்லை, ஒரே தடிமனில் வளைகிறது. இனி எனக்கு இதுதான் முதல் சோதனை.

ஆனால் ஃபான்ட் எதற்கு என்று சொன்னதில் மட்டும் எனக்கு வேறு கருத்து. அக்கா கடையில் விலைச்சீட்டு தினம் மாறும். இன்று தேங்காய் பன், நாளைக்கு ப்ளம் கேக். ஒவ்வொரு தடவையும் எழுதி வாங்க முடியாது. அதற்கு ஃபான்ட்தான் வேண்டும். பெயரை மட்டும் கையால் எழுதி வாங்கிவிட்டு, மற்றதெல்லாம் சாதாரண எழுத்தில் போட்டால் போதும் என்று நினைக்கிறேன். முக்தா மலர் அல்லது கேட்டமரன் இரண்டில் ஒன்று. இரண்டுமே மெலிசிலிருந்து தடிமன் வரை பல கனத்தில் கிடைக்கும், தமிழும் ஆங்கிலமும் ஒரே கையால் வரைந்த மாதிரி ஒத்துப் போகும். குழந்தைகளுக்கான படம், சலுகை அறிவிப்பு என்றால் பலூ தம்பி. அது பிரஷ் இல்லை, ஆனாலும் குண்டாக, உருண்டையாக, பேக்கரிக்குப் பொருத்தமாக இருக்கும்.

பிரஷ் எழுத்து ஒரு போஸ்டரில் ஒரு இடத்தில் வந்தால்தான் அதற்கு மதிப்பு. பெயரும் பிரஷ், விலையும் பிரஷ், போன் நம்பரும் பிரஷ் என்றால் கண் எங்கே போவது என்று தெரியாமல் திணறும். போன் நம்பரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிரஷ்ஷில் போடாதீர்கள். 1ம் 7ம் குழம்பினால் ஒரு ஆர்டர் போச்சு.

பாபுராவ் தெரு எழுதியது:

நான் லாட்ஜ் நடத்துகிறவன். எழுத்துக் கலை எனக்குத் தெரியாது, ஆனால் போர்டு படிக்க முடியாமல் தவிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசத்துக்காரர்கள் ஏராளம். எங்கள் தெருவில் தமிழோடு வங்காளம், இந்தி போர்டு இல்லாத கடை குறைவு. நோயாளியைக் கூட்டிக்கொண்டு அதிகாலை ரயிலில் காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து வந்து நிற்பார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். தனித்தனியாக நிற்கிற எழுத்தென்றால் மெதுவாகவாவது படித்துவிடுவார்கள். சேர்ந்து ஓடுகிற பிரஷ் எழுத்தில் எங்கே ஒரு எழுத்து முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. மருந்துக் கடை ஒன்றின் எதிரிலேயே நின்று மருந்துக் கடை எங்கே என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். போர்டில் பெயர் வளைந்து வளைந்து அழகாகத்தான் இருந்தது.

காட்பாடியிலும் அதே கூட்டம்தான் இறங்குகிறது. பெயரை எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். 'பேக்கரி' என்கிற சொல்லை மட்டும் எல்லோரும் படிக்கிற நேரான எழுத்தில், பெயருக்குக் கீழே, பெரிதாக வையுங்கள். அந்தச் சொல்தான் வெளியூர்க்காரரை உள்ளே கூட்டி வரும்.

ஆம்பூர் லெதர் எழுதியது:

போர்டை விட்டுவிட்டு ஒரு விஷயம். பெட்டியில் தங்க ஃபாயில் அடிக்கிற எண்ணம் இருந்தால் இதைப் படியுங்கள். நாங்கள் பர்ஸ், பெல்ட்டில் பெயர் அழுத்திக் கொடுக்கிறோம். பிரஷ் காய்ந்துபோய் இழுத்த மாதிரி, கோட்டுக்குள் வெள்ளை வெள்ளையாகக் கீறல் தெரிகிற ஃபான்ட்கள் இப்போது ஃபேஷன். திரையில் பார்க்க அருமையாக இருக்கும். அச்சு பிளாக் செய்து சூடாக அழுத்தினால் அந்தக் கீறலெல்லாம் ஃபாயிலில் அடைத்துக்கொள்ளும், அழுக்குப் படிந்த மாதிரி இருக்கும். மெலிசான வால் நுனி தோலில் பதியவே பதியாது. ஸ்கிரீன் பிரிண்டிலும் அதே கதைதான், சின்னப் புள்ளிகள் ஸ்கிரீனின் வலையில் நிற்காது. அழுத்துகிற வேலைக்கும் ஸ்கிரீனுக்கும் ஓரம் சுத்தமான பிரஷ் ஃபான்டாக எடுங்கள். கீறல் விழுந்த ஸ்டைல் ஆஃப்செட்டுக்கும் ஃப்ளெக்ஸுக்கும் போன் திரைக்கும்தான்.

பாலாற்றங்கரை எழுதியது:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. அண்ணியிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். பாபுராவ் தெரு அண்ணன் சொன்னதைக் கேட்டதும், 'பேக்கரி' நேர் எழுத்தில்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். பெயர் குடியாத்தம் ஐயா சொன்னபடி கையெழுத்து.

இரண்டு சந்தேகம் பாக்கி. தமிழ் பெரிதாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதே, மூன்றடி உயரத்தில் எப்படிப் பிரிப்பது? அப்புறம், கையால் எழுதியதைப் போர்டுக்கு எப்படிக் கொண்டு போவது? இரவில் எரிகிற அக்ரிலிக் எழுத்தாக வைக்கலாம் என்கிறார் அண்ணி.

கோட்டை டிடிபி எழுதியது:

தமிழ், ஆங்கிலம், பிற மொழி மூன்றும் போட்டால் 5:3:2 கணக்கு, தமிழ் முதலில். மூன்றடி என்றால் 36 அங்குலம். தமிழுக்கு 18, ஆங்கிலத்துக்கு 11க்குக் கொஞ்சம் குறைவு, மிச்சம் 7 சொச்சம். இது இடத்தின் கணக்கு, எழுத்தின் உயரம் இல்லை. தமிழில் மேல் விலங்கு மேலே ஏறும், 'பூ', 'ழூ' மாதிரி எழுத்து கீழே இறங்கும். 18 அங்குல இடத்தில் மேலும் கீழும் விட்டால் 'க'வின் உடம்பு எட்டு ஒன்பது அங்குலம்தான் கிடைக்கும்.

அது போதுமா என்றால், எங்கள் தொழிலில் பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்று கணக்கு வைப்போம். அறுபதடி தள்ளி நின்று படிக்க ஆறு அங்குலம். அது நேர் எழுத்துக்கு. பிரஷ் எழுத்துக்கு நான் ஒன்றரை மடங்கு வைப்பேன், ஒன்பது அங்குலம். உங்களுக்குச் சரியாக இருக்கும்.

எழுதியதை நல்ல தெளிவில் ஸ்கேன் செய்து, கோரல்டிராவில் டிரேஸ் போட்டு, அதாவது படத்தை வெட்டக்கூடிய கோடாக மாற்றி, நுனிகளைக் கையால் சரிசெய்ய வேண்டும். தானாக டிரேஸ் ஆனதை அப்படியே விட்டால் ஓரம் முழுக்கத் தேவையில்லாத நோடு (கோட்டை வளைக்கிற புள்ளி) நிறைய வரும், கட்டிங் மிஷின் நடுங்கி நடுங்கி வெட்டும். ஆங்கிலப் பெயருக்கு ஃபான்டே போடுவதாக இருந்தால் எழுத்தைக் கர்வ்ஸ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கியதும் கட்டாயம் வெல்டு செய்யுங்கள், அதாவது எல்லாவற்றையும் ஒரே வடிவமாக ஒட்டிவிடுங்கள். சேர்ந்து ஓடுகிற ஃபான்டில் ஒரு எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். நிறம் நிரப்பிப் பார்த்தால் தெரியாது. அவுட்லைன் கொடுத்தாலோ ஸ்டிக்கர் வெட்டினாலோ ஒவ்வொரு இணைப்பிலும் குறுக்கே வெட்டு விழும்.

விளக்கு எழுத்து என்றால் கோட்டின் மிக மெலிந்த இடத்திலும் எல்இடி மாட்யூல் உட்கார அகலம் வேண்டும். பிரஷ் எழுத்தில் வால் நுனி அதற்குப் பத்தாது, நுனி மட்டும் இருட்டாக நிற்கும். ஆங்கிலத்தில் ஒரு வசதி, முழுச் சொல்லும் ஒரே துண்டாக வரும், உள்ளேயே வயர் ஓடிவிடும். தமிழில் ஒவ்வொரு எழுத்தும் தனிப் பெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி வயர், புள்ளிக்கும் கூட. செலவு அதிகம். அதனால் தமிழ்ப் பெயரைத் தட்டையாக வெட்டி, பின்னால் விளக்குப் பலகை வைத்துவிடலாம். மெலிந்த நுனியும் அழகாகத் தெரியும்.

அச்சு மோகன வீதி எழுதியது:

உரிமம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் இது. இலவசம் என்று இறக்குகிற பிரஷ் ஃபான்ட்களில் பாதிக்கு மேல் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று கூடவே வருகிற சின்ன கோப்பில் எழுதியிருக்கும். கடை போர்டு, பெட்டி என்றால் வியாபார உபயோகம், காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒரு ஃபான்டை வரைய மாதக்கணக்கில் உட்காருகிறார்கள், அந்த உழைப்புக்கு மரியாதை வேண்டும். கூகுள் ஃபான்ட்ஸில் இருப்பவை திறந்த உரிமத்தில் வருகின்றன. மேலே சொன்ன கவிவாணர், முக்தா மலர், கேட்டமரன், பலூ தம்பி (இப்போது பலூ தம்பி 2), பசிஃபிகோ, லாப்ஸ்டர், கௌஷன் எல்லாமே அதில் உண்டு. வியாபாரத்துக்குத் தாராளமாகப் போடலாம். ஃபான்ட் கோப்பைத் தனியாக விற்கத்தான் கூடாது.

சத்துவாச்சாரி மலர் எழுதியது:

அண்ணா, பெயர் கையெழுத்தில் வருவதால் ஆங்கிலப் பெயரையும் ஐயாவையே எழுதச் சொல்லிவிடுங்கள். தமிழ் கையில், ஆங்கிலம் ஃபான்டில் என்றால் இரண்டும் வேறு வேறு கடை மாதிரி தெரியும். ஒரே பிரஷ், ஒரே சாய்வு, ஒரே தடிமன் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

குடியாத்தம் எழுத்துக்காரன் எழுதியது:

எழுதித் தருகிறேன், ஆங்கிலமும் சேர்த்து. தாளில் எழுதும்போது எனாமல் வேண்டாம், ஊறிவிடும். கறுப்புப் போஸ்டர் கலரில், உருண்டைப் பிரஷ்ஷில், வழவழப்பான கெட்டிச் சார்ட்டில் எழுதுகிறேன். போர்டில் வருகிற அளவில் பாதியாவது எழுத வேண்டும். சின்னதாக எழுதிப் பெரிதாக்கினால் ஓரத்தில் இருக்கிற நடுக்கமெல்லாம் பெரிதாகிவிடும்.

ஒரு தடவை எழுதி முடிகிற வேலை இல்லை. ஒரே பெயரைப் பல தாளில் எழுதுவேன். ஒன்றில் கடைசி எழுத்து நன்றாக வரும், இன்னொன்றில் முதல் எழுத்து நன்றாக வரும். டிடிபி தம்பி அவற்றை எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். பெயரில் ஒரே எழுத்து இரண்டு இடத்தில் வந்தால் இரண்டையும் வேறு வேறு தாளிலிருந்து எடுங்கள், நகல் போடாதீர்கள்.

அண்ணி, கடைப் பெயரை எந்த எழுத்தில் தொடங்கி எப்படி எழுத வேண்டும் என்று ஒரு தாளில் அவர் கையாலேயே எழுதிக் கொடுக்கட்டும். ஒற்று மிகுமா மிகாதா என்பதையும் யாரிடமாவது கேட்டு முடிவு செய்துகொண்டு வாருங்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன் வந்தால் நல்லது, மதியத்துக்குள் காய்ந்து கையில் கொடுத்துவிடுவேன்.

பாலாற்றங்கரை எழுதியது:

சரிங்க ஐயா. தனிச்செய்தியில் நம்பர் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணியோடு குடியாத்தம் வருகிறோம். எழுதிய தாள்களை அன்றைக்கே கோட்டை டிடிபி அண்ணன் கடையில் கொடுத்துவிடுகிறேன்.